குமிழ் இல்லாத அறுபத்தொரு வரிகள்

ஜனவரி 12 — 412
மார்ச் 3 — 388
ஏப்ரல் 21 — 240
ஜூன் 9 — 174
ஆகஸ்ட் 4 — 96
செப்டம்பர் 29 — 61

தேதிகள் அவள் கடிதம் அனுப்பியவை. எண்கள் அந்தந்தக் கடிதத்தோடு போன கணினி நிரலின் மொத்த வரிகள். ஆறும் ஒரே வேலைக்கான நிரல்தான். ஒவ்வொரு முறையும் அவள் அதில் ஏதாவது ஒன்றைக் கழித்துவிட்டு மறுபடி அனுப்பினாள். சேர்க்கச் சொன்ன ஒன்றை மட்டும் கடைசிவரை சேர்க்கவில்லை. அதற்காக வேலையையும் விட்டாள்.

அலுவலகத்தில் அவளுக்கு ‘முடியாதக்கா’ என்று பெயர். சேர்ந்த முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. வாடிக்கையாளர் ஒருவரின் கணினி நன்றாக இருக்கிறது என்று போனிலேயே சொல்லிவிடும்படி முதலாளி கேட்க, “பாக்காம முடியாது சார்” என்று சொல்லிவிட்டுப் பேருந்து பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கணினி நன்றாகத்தான் இருந்தது. அதனால் பெயர் இன்னும் அழுத்தமாக ஒட்டிக்கொண்டது.

வயது நாற்பத்தேழு. மின்னணுவியலில் டிப்ளமா படித்தவள். பன்னிரண்டு வருடம் தொலைபேசி இணைப்பகப் பலகைகளைப் பழுது பார்த்தாள். இடது கட்டைவிரலில், ஈயம் உருக்கி ஒட்டும் பற்றுவைப்புக் கோல் சுட்ட வடு இருக்கிறது. இணைப்பகங்களை மூடியபோது கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அவள் கணினிப் பக்கம் வந்தாள். பழைய வேலையிலிருந்து கொண்டுவந்தது ஒரே ஒரு பழக்கம்: எந்தக் கம்பியில் மின்சாரம் வீணாகிறது என்று பார்ப்பது.

அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. கீழே டயர் கடை. லிப்டில் ஏறினால் ரப்பர் வாசனையும் கூட ஏறும். இருபத்திரண்டு பேர். கடைகள், கிளினிக்குகள், டிக்கெட் பதிவு செய்யும் நிறுவனங்கள் என்று பிறருடைய சர்வர்களைப் பார்த்துக்கொள்வது தொழில். கடைசியில் இருந்த சர்வர் அறையின் கண்ணாடிக் கதவு சரியாக மூடாது. அட்டைப்பெட்டித் துண்டு ஒன்றை மடித்துச் செருகி வைத்திருப்பார்கள். அந்தத் துண்டை எடுத்துவிட்டுக் கீலைச் சரிசெய்யலாம் என்று அவள் எழுதிக் கொடுத்த தாள் இரண்டு வருடமாக முதலாளி மேசையில் இருந்தது.

அவள் எடுத்துக்கொண்ட பிரச்சினை இதுதான். ஒரு சர்வர் ஒரே நேரத்தில் ஆயிரம் பேரோடு பேசிக்கொண்டிருக்கும். யாரிடமிருந்து எப்போது செய்தி வரும் என்று அதற்குத் தெரியாது. இதைக் கவனிக்கிற வேலை கெர்னலுடையது. கணினியின் அடியில் இருந்து எல்லா நிரல்களையும் மேய்க்கிற மென்பொருள் அது. கெர்னலுக்கு இரண்டு வழி உண்டு. ‘வந்ததா, வந்ததா’ என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்கலாம். செய்தி உடனே கைக்கு வரும். மின்சாரம் தண்ணீராகச் செலவாகும். அல்லது படுத்துத் தூங்கலாம், செய்தி வந்தால் எழுப்பிவிடுவார்கள். மின்சாரம் மிச்சம், எழுந்து கண்ணைக் கசக்குவதற்குள் நேரம் போய்விடும்.

வீட்டில் இதை முதலில் புரிந்துகொண்டவள் நாத்தனார். கணவருக்கு அக்கா. கூரியர் அலுவலகக் கவுன்டரில் இருபது வருடமாக உட்கார்ந்திருப்பவள், தம்பி குடும்பத்தோடுதான் இருந்தாள்.

“இதுல என்ன இருக்கு, எங்க ஆபீஸ் கதைதானே,” என்றாள், துணி மடித்துக்கொண்டே. “ஒருத்தன் வந்து நிப்பான். பார்சல் வந்துச்சா, பார்சல் வந்துச்சான்னு உயிரை எடுப்பான். இன்னொருத்தன் வீட்டுல படுத்திருப்பான், போன் பண்ணினா குளிச்சு முழுகி சாயங்காலம் வருவான்.”

“ரெண்டு பேர்ல யாரு அண்ணி புத்திசாலி?”

“மூணாவதா ஒருத்தன் இருக்கான். வருவான், ஒரு பார்சலை வாங்குவான். கூட ரெண்டு வரும்னு அவனுக்குத் தோணினா அங்கயே நிப்பான். இல்லைன்னு தோணினா போயிடுவான்.”

“எவ்வளவு நேரம் நிப்பான்?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? அவனுக்குத்தான் தெரியும். நேத்து, முந்தாநாள் எப்படி வந்துச்சுன்னு பாத்து வெச்சிருப்பான்.”

அவள் செய்ய நினைத்ததும் அதேதான். கடைசிச் செய்தி வந்த பிறகு இன்னும் எவ்வளவு நேரம் விழித்திருப்பது என்பதைக் கெர்னலே முடிவு செய்ய வேண்டும். செய்திகளுக்கு நடுவே இருந்த இடைவெளிகளை நினைவில் வைத்து, அதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்தக் கெர்னல் யாருக்கும் சொந்தமில்லாத பொதுச் சொத்து. யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதி, எல்லோரும் படிக்கும்படி மின்னஞ்சலில் அனுப்பலாம். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொறுப்பாளர் இருப்பார். அவர் ஒப்புக்கொண்டால் திருத்தம் உள்ளே போகும். உலகத்தில் எத்தனையோ கணினிகளுக்குப் போய்ச் சேரும். அவளுடைய பகுதிக்குப் பொறுப்பாளர் வேறு ஏதோ நாட்டில் இருந்தவர். முகம் பார்த்ததில்லை. இரண்டு வரிக்கு மேல் எழுதமாட்டார். இரண்டில் ஒன்று ‘இல்லை’ என்றிருக்கும். வீட்டில் அவருக்கு முட்டுக்கட்டை என்று பெயர் வைத்தார்கள்.

முதல் கடிதத்தில் மின்சாரம் நூற்றுக்கு முப்பத்தொன்று குறைகிறது என்று எழுதியிருந்தாள். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. அவளை விடப் பத்து வயது சிறியவர். மனம் நன்றாக இருந்தால் அக்கா என்பார், இல்லாவிட்டால் மேடம்.

“அக்கா, ஒரே ஒரு நம்பர் மட்டும் சேருங்க. எவ்வளவு நேரம் முழிச்சிருக்கணும்னு வெளியிலருந்து மாத்துற மாதிரி.”

அவர்கள் தொழிலில் இதற்குக் குமிழ் என்று பெயர். ரேடியோவில் இருப்பது போல, வெளியிலிருந்து திருகுவதற்கு ஒரு எண்.

“எதுக்கு சார்? அதைத்தான் அதுவே கத்துக்குதே.”

“அதுவே கத்துக்கிட்டா நம்ம அஞ்சு பேர் எங்க போவாங்க?”

நியாயமான கேள்விதான். அலுவலகத்தில் ஐந்து பேருக்கு அதுவே பிழைப்பு. வாடிக்கையாளர் இடத்துக்குப் போய், இருக்கிற குமிழ்களையெல்லாம் கொஞ்சம் இப்படியும் கொஞ்சம் அப்படியும் திருகி, சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வருவார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் போய்த் திருகுவார்கள்.

“அவங்களுக்கு வேற உருப்படியான வேலை நான் சொல்லித் தரேன் சார். அந்தக் கதவுலருந்தே ஆரம்பிக்கலாம்.”

“விளையாடாதீங்க. வெப்பீங்களா மாட்டீங்களா?”

“முடியாது சார்.”

முதலாளி சிரித்துவிட்டார். அப்போது சிரிக்க முடிந்தது. முப்பத்தொன்று என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டு விளம்பரத் தாள் அச்சடித்து, இருக்கிற வாடிக்கையாளர், வரப்போகிற வாடிக்கையாளர் எல்லோருக்கும் கொடுத்தார்.

முட்டுக்கட்டை இரண்டு கடிதத்தையும் படித்துவிட்டு மார்ச் மாதக் கடைசியில் பதில் எழுதினார்: “என் இயந்திரத்தில் இவ்வளவு வித்தியாசம் இல்லை. உங்களுடையது தூங்குகிறதா என்பதை எப்படிப் பார்த்தீர்கள்?”

அவளுக்குச் சுருக்கென்றது. எப்படிப் பார்ப்பார்களாம். அதற்கென்றே தனியாக ஒரு நிரல் எழுதி, ஒரு நொடிக்கு ஆயிரம் தடவை பார்த்திருந்தாள். அதை அப்படியே காரசாரமாக ஒரு பக்கம் எழுதினாள். எழுதியதை அனுப்புவதற்கு முன் இன்னொரு முறை அளந்துவிடலாம் என்று கணவருடைய கடையிலிருந்து பிளக் மீட்டரைக் கொண்டுவந்தாள். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தீட்டுபவர். தீட்டுகிற இயந்திரம் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று காட்ட அந்த மீட்டர். சுவரில் மீட்டர், மீட்டரில் சர்வர். அளக்கும் நிரலை ஓடவிட்டாள். அறுபத்தொரு வாட் காட்டியது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சாப்பிடப் போகலாம் என்று அளக்கும் நிரலை நிறுத்தினாள். மீட்டர் நாற்பத்துநான்குக்கு இறங்கியது.

நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சாப்பிடப் போகவில்லை.

தூங்குகிறாயா என்று நொடிக்கு ஆயிரம் தடவை கேட்ட நிரலே கணினியைத் தூங்கவிடாமல் எழுப்பிக்கொண்டிருந்தது. பழைய முறை, புதிய முறை இரண்டையுமே அவள் அரைத்தூக்கத்தில்தான் அளந்திருந்தாள். அந்த அரைத்தூக்கத்தில் பழையது அளவுக்கு மீறி மோசமாகத் தெரிந்தது. ‘வந்ததா, வந்ததா’ என்று ஓயாமல் கேட்பதை நிறுத்தத்தான் அவள் நிரலே எழுதினாள். அளப்பதற்கு அதையே செய்து வைத்திருந்தாள்.

கணவரிடம் சொன்னபோது அவர் தலையாட்டினார். “என்னையும் நீ அப்படித்தானே பண்ணுவே. தூங்கிட்டீங்களா தூங்கிட்டீங்களான்னு கேட்டே எழுப்பிவிட்டுட்டு, பாவம் இவருக்குத் தூக்கமே வரலைன்னு அக்காகிட்ட சொல்லுவே.”

“சிரிக்காதீங்க. மானம் போவுது.”

“யாருக்குத் தெரியும்? மீட்டர் என்னோடது. நான் சொல்லமாட்டேன்.”

“எனக்குத் தெரியுதே.”

அளக்கும் நிரலைத் தூக்கிப் போட்டுவிட்டு, வெளியே மீட்டரை மட்டும் வைத்து மூன்று வாரம் அளந்தாள். பன்னிரண்டு வந்தது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து கணினி எழ எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது. சேர்த்ததும் நிரலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தேவையற்றுப் போனது. மூன்றாவது கடிதத்தின் முதல் வரி இப்படி இருந்தது: “முந்தைய இரண்டு கடிதங்களிலும் நான் தந்த முப்பத்தொன்று தவறு. சரியான எண் பன்னிரண்டு.” எல்லோரும் படிக்கிற கடிதம் அது. முதலாளியும் படித்தார்.

உடனே கூப்பிடவில்லை. நான்காவது கடிதத்திலும் பன்னிரண்டே இருந்த பிறகுதான் கூப்பிட்டார்.

“மேடம், முப்பத்தொண்ணுன்னு ஊர் முழுக்க குடுத்தாச்சு.”

“என் தப்புதான் சார். நானே ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி சொல்றேன்.”

“ஐயோ, நீங்க யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேணாம். நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. குமிழ் வெச்சு, அதைக் கடைசி வரைக்கும் திருகினா முப்பத்தொண்ணு வருமா, வராதா?”

அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. “வரும்.”

“அப்புறம் என்ன?”

“மீட்டர்ல வரும் சார். அந்த சர்வரை நம்பி இருக்குற கிளினிக்ல டோக்கன் திக்கித் திக்கி வரும். டாக்டர் பேரைத் தட்டிட்டு ஆள் நின்னுக்கிட்டே இருப்பாங்க. அப்ப உங்களைக் கூப்பிடுவாங்க. நீங்க ஆளை அனுப்பி குமிழைத் திரும்ப இந்தப் பக்கம் திருகுவீங்க. அதுக்கும் பில் போடுவீங்க.”

“பிசினஸ்னா அதுதான் மேடம். இருபத்திரண்டு பேருக்கு மாசாமாசம் சம்பளம் எங்கருந்து வருதுன்னு நினைச்சீங்க?”

“அது எனக்குப் புரியுது. இது முடியாது.”

“சரி, நீங்க எழுத வேணாம். வேற ஆளை வெச்சு குமிழைச் சேத்துக்கறேன். கீழே உங்க பேர் மட்டும் இருக்கட்டும்.”

சிக்கலே அதுதான். அவர்கள் வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எழுதியவர் ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் தன் பெயரைப் போட்டு, இது என்னுடையது, இதற்கு நான் பொறுப்பு என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் பொறுப்பாளர்கள் தொடவே மாட்டார்கள். நிரலில் முக்கால்வாசி அவள் எழுதியது. அவள் பெயர் இல்லாமல் குமிழ் உள்ளே போகாது.

“என் பேர் வராது சார்.”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசிங்க. வீட்டுல கேளுங்க. அதுக்கப்புறம் நான் யோசிக்க வேண்டி வரும்.”

வீட்டில் கேட்டாள்.

“உன் பிடிவாதத்தை வெச்சு கரன்ட் பில் கட்ட முடியுமா?” என்றார் கணவர்.

“கரன்ட் பில்லைக் குறைக்கத்தானே இவ்வளவு பாடும்.”

“பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை. பேர்தானே கேக்குறான். போட்டா என்ன தேஞ்சா போயிடும்?”

நாத்தனார் குறுக்கே வந்தாள். “எங்க கவுன்டர்ல ஒருத்தர் பார்சலுக்கு இன்னொருத்தர் கையெழுத்துப் போட்டா என்னைத்தான்டா முதல்ல கேப்பாங்க. அவளுக்கு மட்டும் வேற சட்டமா?”

“அக்கா, நீயுமா?”

“நானும்தான். என் சம்பளத்துல கொஞ்ச நாள் ஓட்டுவோம். ரொம்ப நாள் முடியாது, அதையும் இப்பவே சொல்லிட்டேன்.”

அவள் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. புதன்கிழமை காலையிலேயே அடையாள அட்டையை மேசையில் வைத்துவிட்டு, இழுப்பறையிலிருந்த சொந்தப் பற்றுவைப்புக் கோலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். குமிழ் திருகும் ஐவரில் ஒருத்தர் மட்டும் லிப்ட் வரைக்கும் வந்தார்.

“எங்க பொழப்புல மண்ணைப் போடப் பாத்தீங்களே அக்கா.”

“போடலை. நீங்க போய்ப் பாக்குற ஒவ்வொரு சர்வர்லயும் மீட்டரை மாட்டிப் பாருங்க. திருகுறதை விட அதுல வேலை ஜாஸ்தி இருக்கு. தெரியலைன்னா வீட்டுக்கு வாங்க, சொல்லித் தரேன்.”

“வரமாட்டேன்,” என்றார் அவர். லிப்ட் பொத்தானை மட்டும் அவளுக்காக அழுத்திவிட்டுப் போனார்.

ஜூலை முதல் வாரம் நிறுவனத்தின் பெயரில் குமிழ் வைத்த திருத்தம் போனது. அடியில் வேறு ஒருவருடைய பெயர். முட்டுக்கட்டை எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்: “இந்த நிரலை முதலில் எழுதியவரின் கையொப்பம் எங்கே?” அவள் வீட்டுக் கணினியிலிருந்து ஒரே வரியில் பதில் போட்டாள்: “குமிழ் உள்ள எதிலும் என் கையொப்பம் இராது.” நிறுவனத்தின் திருத்தம் அந்த இடத்திலேயே படுத்துவிட்டது.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் இடம் ஒழித்துக் கொடுத்தார் கணவர். மனமில்லாமல்தான் கொடுத்தார்; கொடுத்துவிட்டு மேசைக்கு விளக்கும் அவரே மாட்டினார். ஒரு பக்கம் கண்ணாடி தீட்டும் இயந்திரம் தண்ணீர் தெறிக்க ஓடும். இன்னொரு பக்கம் அவள் யு.பி.எஸ். பலகைகளைப் பழுது பார்த்துச் சம்பாதித்தாள். மிச்ச நேரத்தில் நிரலைச் செதுக்கினாள். ஐந்தாவது கடிதம் தொண்ணூற்றாறு வரிகளோடு அங்கிருந்து போனது.

அதற்கு முட்டுக்கட்டை முதன்முறையாக நீளமாக எழுதினார். நிரல் சுத்தமாக இருக்கிறது என்றார். ஆனால் பல பெரிய நிறுவனங்கள் குமிழ் கேட்டு அவருக்கு எழுதியிருக்கின்றன. அவருக்கும் அதுவே சரியென்று படுகிறது. “குமிழ் ஒன்றை வையுங்கள். உங்கள் பெயரிலேயே இந்த வாரம் எடுத்துக்கொள்கிறேன்.”

கணவர் அதைத் தோளுக்கு மேலிருந்து எட்டிப் படித்தார். “இவர் மரியாதையாதானே கேக்குறாரு. உன் பேர்லயே எடுத்துக்கறேங்கறாரு. உள்ள போயிட்டா நாலு கம்பெனில கூப்பிடுவாங்கன்னு நீதானே சொன்னே?”

“ஆமா, சொன்னேன்.”

“அப்ப?”

“நான் முதலாளிக்கு ஒரு பதிலும் இவருக்கு ஒரு பதிலும் சொல்லணுமா?”

அவர் இயந்திரத்துக்குத் திரும்பினார். அவள் பதில் எழுத இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். எழுதியது சிறியது:

“குமிழைத் திருகுகிறவருக்கு நாளைக்குச் செய்திகள் எப்படி வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. கெர்னலுக்கு இப்போதுதான் நடந்தது என்ன என்றாவது தெரியும். இன்னொன்று. ஒருமுறை வெளியே விட்ட குமிழைத் திரும்ப எடுக்கக் கூடாது என்பது உங்கள் சட்டம். அதை நம்பி யாராவது எங்கேயாவது எழுதிவிடுவார்கள். நான் தவறாக வைக்கும் ஒரு எண்ணை நீங்களும், உங்களுக்குப் பின் வருபவரும், அவருக்குப் பின் வருபவரும் சுமக்க வேண்டும். என் நிரல் மோசம் என்றால் தூக்கி எறியுங்கள். குமிழ் வைக்கமாட்டேன்.”

பதில் வரவில்லை. ஆகஸ்ட் போய்ச் செப்டம்பரும் போகப் பார்த்தது. மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்ப்பதைக் கண்டு நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“என்னம்மா, பார்சல் வந்துச்சா?”

“சும்மா இருங்க அண்ணி.”

“வந்தா அதுவே எழுப்பும்னு எனக்கு நீதான் பாடம் எடுத்தே.”

சும்மா காத்திருக்க அவளால் முடியவில்லை. நிரலை மறுபடியும் எடுத்து, இன்னும் எதை நீக்கலாம் என்று பார்த்தாள். எதிர்காலத்தை ஊகிக்கிற பட்டியல் ஒன்று இருந்தது, அதைத் தூக்கினாள். கடைசி எட்டு இடைவெளிகளையும் தூங்கி எழ ஆகும் நேரத்தையும் மட்டும் மிச்சம் வைத்தாள். அளந்தால் அதே பன்னிரண்டு வந்தது. குமிழ் வைக்கலாம் என்றாலும் இனி அதில் திருகுவதற்கு எதுவும் இல்லை. அறுபத்தொரு வரி. செப்டம்பர் 29 அன்று அனுப்பினாள்.

அக்டோபர் கடைசியில் முட்டுக்கட்டையின் பதில் வந்தது. மூன்று வரி. “குமிழ் இல்லாமலே எடுத்துக்கொள்கிறேன். கேட்டவர்களுக்கு உங்கள் கடிதத்தை அனுப்பிவிட்டேன். என் இயந்திரத்தில் ஒன்பதுதான் வந்தது, ஆகவே பன்னிரண்டை ஒன்பது என்று மாற்றிவிடவா?”

கணவர் கடையை அரை மணி நேரம் முன்னதாகவே மூடினார். நாத்தனார் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் செய்தியைக் கேட்டுவிட்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள். அவள் மட்டும் கணினி முன்னாலிருந்து எழவில்லை.

“என்ன பண்றே?” என்றார் கணவர்.

“பதில் எழுதுறேன்.”

“நன்றின்னு ஒரு வார்த்தை போடு, போதும்.”

“அதைப் போட்டுட்டேன். இது ஒன்பதைப் பத்தி.”

“இந்தாம்மா, அவர்தான் எடுத்துக்கறேன்னுட்டாரே. ஒன்பதோ பன்னெண்டோ, விடேன். மறுபடி எதையாவது சொல்லி அவர் மனசு மாறிட்டா?”

“மாறினா மாறட்டும். தப்பா எழுதினப்ப நானே திருத்தினேன். சரியா எழுதினதை ஏன் திருத்தணும்?”

நாத்தனார் வாசற்படியிலிருந்தே சொன்னாள். “விடுடா. ஆபீஸ்ல அவளுக்கு என்ன பேர்னு தெரியும்ல.”

அவள் எழுதினாள்: “முடியாது. பன்னிரண்டு என் மீட்டரில் வந்தது. அது என் பெயரில் அப்படியே இருக்க வேண்டும். ஒன்பது உங்களுடையதில் வந்தது. அதை உங்கள் பெயரில் நீங்கள் எழுதுங்கள். படிப்பவர் தம்முடையதில் அளந்து பார்த்துக்கொள்ளட்டும்.”

அனுப்பிவிட்டு, பழுது பார்க்க வந்திருந்த யு.பி.எஸ். பலகையை இழுத்து வைத்துக்கொண்டாள். அடுத்த மூன்று வாரம் பலகைகளோடு போனது. குமிழ் திருகும் அந்த ஒருத்தர் ஒருநாள் கடைக்கு வந்து, கண்ணாடிக்கு வந்தது போல நாலு பிரேமைப் போட்டுப் பார்த்துவிட்டு, பிளக் மீட்டர் எங்கே வாங்குவது என்று கேட்டுக்கொண்டு போனார்.

முட்டுக்கட்டையிடமிருந்து இதுபற்றி வந்த கடைசிக் கடிதத்தில் அறுபத்தொரு வரிகளும் உள்ளே போன செய்தி இருந்தது. அடியில் அவள் பெயரோடு பன்னிரண்டும், அதற்குக் கீழே அவர் பெயரோடு ஒன்பதும் இருந்தன. அது வந்த தேதி நவம்பர் 19.